வடகடல் ஆமைகளும் ‘வழிதவறியவை’ என்னும் வழக்கும்

முன்னுரை

அட்லாண்டிக் பெருங்கடலின் வடபகுதி குளிர் மிக்கது. அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, நார்வே ஆகியவற்றின் கரையோரங்களிலும், அவற்றுக்கு எதிர்க்கரையில் உள்ள நோவாஸ்கோஷியா, நியூபவுண்ட்லாந்து ஆகியவற்றின் கடற்பரப்பிலும் கடலாமைகள் உலவுகின்றன என்றால் கேட்போர் முதலில் வியப்பர். ஆமை வெயில் காயும் மணற்கரைக்கு உரியது என்பதே நாம் இளமை முதல் கொண்டுள்ள எண்ணம். ஐரோப்பிய அறிஞரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். ஆதலின் வடகடலில் ஆமை ஒன்று வலைப்பட்டபோதும் கரையொதுங்கியபோதும் ‘வழிதவறி வந்தது’ என்று எழுதி அமைந்தனர்.

அவ்வழக்கு எவ்வாறு தோன்றிற்று, எதனால் நிலைபெற்றது, எச்சான்றுகளால் திருத்தம் பெற்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை இதழில் இப்பொருள் ஏன் என்று சிலர் வினவக்கூடும். இஃது உயிரியல் ஆராய்ச்சி அன்று. ஒரு சொல்லின் வரலாறும், எழுத்துச் சான்றுக்கும் வாய்மொழிச் சான்றுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கின் வரலாறுமே ஆகும். ஏட்டில் உள்ளதே சான்று என்று கொண்டு பழகிய நமக்கு இவ்வரலாற்றில் கற்கத்தக்கது உண்டு. அன்றியும், அச்சொல்லைப் பொருந்துமிடத்தும் பொருந்தாவிடத்தும் ஒருங்கே வழங்கியதால் விளையும் இழப்பு உயிரிழப்பு என்பதும் கருதத்தக்கது.

1. பெயர்களும் முதற் பதிவுகளும்

வடகடல் ஆமைகளுள் தலைமையானது, நம் கடற்கரை மீனவர் ‘ஏழுவரி ஆமை’ என வழங்குவதாகும். உலகில் இன்று வாழும் ஆமைகள் அனைத்தினும் இதுவே பெரிது. ஏனைய கடலாமைகளின் முதுகோடு கடினமான தகடுகளால் மூடப்பட்டிருக்கும்; இதற்கு அத்தகடுகள் இல்லை. தடித்த தோலே இதன் போர்வை. அதன்மீது நீளவாக்கில் ஏழு வரம்புகள் ஓடுகின்றன. அவற்றை எண்ணியே நம் மீனவர் பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியாளர் இதனை ‘லூத்’ என்னும் நரம்புக் கருவியின் பெயரால் அழைக்கின்றனர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரொந்தலே 1554ஆம் ஆண்டில் வெளியிட்ட கடல்மீன் நூலில் இதனைத் தோலாமை என்றும் மெர்க்குரியின் ஆமை என்றும் குறித்தார். அத்தேவன் ஆமையோட்டில் நரம்பு கட்டி முதல் யாழினை ஆக்கினான் என்பது கிரேக்க, உரோமானியப் பழங்கதை. நம் மீனவர் வரிகளாக எண்ணியவற்றையே அவர்கள் யாழின் நரம்புகளாகக் கண்டனர் போலும்.

இன்று வழங்கும் அறிவியற்பெயரின் தோற்றமும் ஈண்டு நோக்கத்தக்கது. உரோமாபுரியை அடுத்த கடற்கரையில் கிடைத்த ஓர் ஆமை பாதுவா நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. தொமெனிக்கோ வந்தெல்லி என்பார் அதனை ஆராய்ந்து, 1761இல் லின்னேயசுக்கு எழுதிய மடலில் ‘தோல் போன்ற ஆமை’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். லின்னேயசு 1766இல் அதனைத் தம் பெருநூலில் சேர்த்துக்கொண்டார். பின்னர் 1816இல் பிளேன்வில் என்னும் பிரெஞ்சு அறிஞர் தோலாமை என்றே பொருள்படும் ‘தெர்மோகெலிஸ்’ என்னும் பேரினப் பெயரை அமைத்தார். மத்தியதரைக் கடல் ஏழுவரி ஆமை முட்டையிடும் வழக்கமான இடம் அன்று. எனவே, அறிவியல் உலகம் தன் பெயரீட்டுக்கு அடிப்படையாகக் கொண்ட உடலே, முட்டையிடும் கரைகளுக்குத் தொலைவில் கிடைத்த ஒன்றாகும்.

இம்மடலுக்கும் முன்னர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலிருந்து ஒரு பதிவு கிடைக்கிறது. வில்லியம் போர்லேஸ் என்னும் சமயகுரு 1758இல் கார்ன்வால் நாட்டின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். அதில், 1756ஆம் ஆண்டுக் கோடையில் கானாங்கெளுத்தி மீனுக்கு விரித்த வலையில் ஏழுவரி ஆமை சிக்கிய செய்தி காணப்படுகிறது. இப்பதிவில் இரண்டு கூறுகளை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று காலம், அது கோடை. மற்றொன்று கருவி; அது மீனவர் வலை. பின்வந்த இருநூறு ஆண்டுப் பதிவுகளிலும் இவ்விரண்டும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒரே பருவத்தில் ஒரே வகையாக நிகழ்வது தற்செயலா என்று வினவியிருக்கலாம். அவ்வினா நெடுங்காலம் வலுப்பெறவில்லை.

2. ‘வழிதவறியவை’ என்ற கருத்தின் அடிப்படை

அவ்வினா வலுப்பெறாமைக்கு அக்கால அறிஞரின் அறியாமையைக் காரணம் கூறிவிடுதல் நேர்மை ஆகாது. அவர்கள் கருத்துக்கு மூன்று அடிப்படைகள் இருந்தன.

முதலாவது, ஆமை ஊர்வன வகையைச் சார்ந்தது. ஊர்வனவற்றின் உடல் வெப்பம் சூழலின் வெப்பத்தைப் பின்பற்றி ஏறும், இறங்கும். எனவே குளிர்நீரில் ஆமை தானே விரும்பி வாழும் என்று கொள்ள இடமில்லை. இரண்டாவது, ஏழுவரி ஆமை முட்டையிடும் கரைகள் யாவும் வெப்ப நாடுகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலுமே உள்ளன. டிரினிடாட், பிரெஞ்சு கயானா, சூரினாம், கோஸ்டாரிக்கா, ஆப்பிரிக்காவின் காபோன் முதலியவை அட்லாண்டிக் பகுதியில் அவற்றுட் சிறந்தவை. பிறந்த இடம் தெற்கு எனின் வடக்கில் காணப்படுவது நீரோட்டத்தால் அடித்து வரப்பட்டதாகவே இருத்தல் வேண்டும். வளைகுடா நீரோட்டம் தெற்கிலிருந்து வடகிழக்காக ஓடுவது இவ்விளக்கத்திற்குத் துணையாயிற்று. மூன்றாவது, பதிவுகள் மிகச் சில. ஆண்டுக்கு ஒன்று, பத்தாண்டுக்குச் சில என்றே அவை கிடைத்தன.

இம்மூன்றனுள் முதல் இரண்டும் இயற்கை பற்றியவை. மூன்றாவது அத்தகையது அன்று. பதிவு குறைவு என்பது ஆமை குறைவு என்பதற்குச் சான்றாகாது; எழுதுவோர் குறைவு என்பதற்கும் அதுவே சான்றாகலாம். ஆமையைக் கண்டவர் மீனவர், எழுதியவர் அருங்காட்சியகத்தார். மீனவர் கண்டவற்றுள் கரைக்குக் கொண்டுவரப்பட்டவை சில. அவற்றுள் செய்தித்தாளில் இடம்பெற்றவை சில. அவற்றுள்ளும் அறிஞர் காதுக்கு எட்டியவை மிகச் சில. அரிய செய்தி என்று கருதப்பட்டதால் அரியதாகவே எழுதப்பட்டது. அரிதாக எழுதப்பட்டதால் அரியது என்ற கருத்து மேலும் வலுப்பெற்றது. கருத்து சான்றைச் சுருக்க, சுருங்கிய சான்று கருத்தைப் பெருக்கிற்று.

நம் துறையிலும் இத்தகைய நிலை உண்டு. பதிப்பாசிரியர் தாம் கொண்ட நூலமைதிக்குப் பொருந்தாத பாடலைக் காணின் ‘இடைச்செருகல்’ என்று ஒதுக்குவது உண்டு. அம்முடிபு பல இடங்களில் சரியாகவும் அமையும். ஆயினும் பொருந்தாதது பாடலா, நாம் கொண்ட நூலமைதியா என்று மற்றொரு முறை நோக்குதல் கடனாகும். ‘வழிதவறியவை’ என்பது வடகடல் ஆமைக்கு இடப்பட்ட இடைச்செருகற் பெயர் என்று கூறின் மிகையாகாது.

3. ஐயம் பிறந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளின் பதிவுகள் ஒருங்கே தொகுக்கப்பட்டன. 1957இல் நார்வே அறிஞர் வில்கோஸ், வடகடலின் வடபகுதியிலும் மேற்கு நார்வேக் கரைக்கு அப்பாலும் ஏழுவரி ஆமை காணப்பட்டமை பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1965இல் கனடாவின் அக்கேடியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெர்மன் பிளீக்னி, நியூ இங்கிலாந்து, கிழக்குக் கனடா ஆகிய பகுதிகளின் கடலாமைப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். தனித்தனியே நோக்கியபோது தற்செயலாகத் தோன்றிய செய்திகள், ஒரு வரிசையில் நிறுத்தியபோது வேறு வடிவம் கொண்டன. கோடையில் வருதலும் பின்னர் மறைதலும் ஆண்டுதோறும் நிகழ்வன என்பதும், இரையை நாடி வடக்கே வருவது இவ்வாமையின் இயல்பான வாழ்க்கையின் ஒரு பகுதியாகலாம் என்பதும் அத்தொகுப்பினால் புலப்பட்டன.

ஐரோப்பியப் பக்கத்தில் இப்பணியை மேற்கொண்டவர் நெதர்லாந்து நாட்டு லைடன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராக விளங்கிய பிரோங்கர்ஸ்மா ஆவார். அவர் எழுதிய இரு நூல்கள் ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை. 1967இல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெளியிட்ட சிறுநூல், பிரித்தானியக் கரைகளில் ஒதுங்கும் ஆமைகளை இனங்கண்டுகொள்ள வழிகாட்டுவது. 1972இல் வெளிவந்த பெருநூல், ஐரோப்பிய அட்லாண்டிக் ஆமைகள் பற்றிய பதிவுகளை முந்நூறு பக்கங்களுக்கு மேல் தொகுத்துத் தருவது. பின்னது அறிஞர்க்கு; முன்னது கரையில் நடப்போர்க்கு. கண்டவனே இன்னது என்று அறிந்து தெரிவிக்கக் கற்றுக்கொடுத்தாலன்றிப் பதிவு பெருகாது என்னும் உண்மையை அச்சிறுநூல் உணர்த்துகிறது. கண்காணித்தலும் அறிவுறுத்தலும் இரு வேறு பணிகள் அல்ல, ஒரே பணியின் இரு கூறுகள் என்பது அங்கே தெளிவாகிறது.

அதே 1972இல் முதல் அடிப்படையும் ஆட்டங்கண்டது. பிரேர், ஆக்மன், மிரசோவ்ஸ்கி ஆகிய மூவர், நோவாஸ்கோஷியாவுக்கு அப்பால் பிடிபட்ட ஓர் ஏழுவரி ஆமையின் உடல் வெப்பத்தை அளந்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். நீரின் வெப்பம் செல்சியஸ் அளவையில் 7.5 பாகை, ஆமையின் உள்வெப்பம் 25.5 பாகை. இரண்டற்கும் இடையே 18 பாகை வேறுபாடு. ஊர்வன ஒன்று தன்னைச் சூழ்ந்த நீரைவிட இத்துணை வெப்பத்தை உடலில் காத்துநிற்றல் கண்டு அறிவுலகம் வியந்தது. இதற்குரிய காரணங்களும் பின்னர் விளங்கின. பேருடல் வெப்பத்தை மெல்லவே இழக்கும். தோலின் அடியில் உள்ள கொழுப்பு போர்வையாக உதவும். துடுப்புக் கால்களின் அடியில், உள்ளிருந்து செல்லும் சுடுகுருதிக் குழாய்களும் வெளியிலிருந்து மீளும் குளிர்குருதிக் குழாய்களும் நெருங்கி அமைந்துள்ளன. ஆதலின் மீளும் குருதி உடலை அடையுமுன்னரே வெப்பம் பெறுகிறது. இவ்வமைப்பினைக் கிரீர், லாசெல், ரைட் ஆகியோர் 1973இல் விளக்கினர். இவ்வாமை குளிரில் துன்புறும் அகதி அன்று. குளிருக்கேற்ற உடலமைப்பு உடையது என்பது இதனால் பெறப்பட்டது.

1980இல் லாசெல், நியூ இங்கிலாந்துக் கடல் கடலாமைகளுக்கு இன்றியமையாத வாழிடம் என்று தலைப்பிலேயே கூறி ஒரு கட்டுரை வெளியிட்டார். மறுப்பு இவ்வாறு வெளிப்படையாயிற்று. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. வடகடலில் எத்துணை ஆமைகள், எவ்விடங்களில், எத்திங்களில் உள்ளன என்பதற்குப் போதிய சான்று இல்லை. அச்சான்று ஏடுகளில் கிடைப்பதாக இல்லை.

4. மீனவர் வாய்மொழி சான்றானமை

கனடாவில் ஏழுவரி ஆமை அழியும் நிலையில் உள்ள உயிராக 1981இலேயே அறிவிக்கப்பட்டது. எனினும் அந்நாட்டுக் கடலில் அது எங்கு வாழ்கிறது என்பது அதன்பின்னும் பல ஆண்டுகள் தெளிவாக அறியப்படவில்லை. இருக்குமிடம் அறியாத உயிரை எவ்வாறு காப்பது? இந்நிலையில் 1997இல் நோவாஸ்கோஷியாவில் ஏழுவரி ஆமைக்கென ஒரு பணிக்குழு தோன்றிற்று. பின்னாளில் கனடியக் கடலாமை வலையமைப்பு என்று பெயர்பெற்றது இதுவே. மைக்கேல் ஜேம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் கேத்லீன் மார்ட்டின் என்பாரும் இப்பணியில் முதன்மையானவர்கள்.

இக்குழுவினர் மேற்கொண்ட முறை எளியது. படகுத்துறைகளுக்குச் சென்றனர். ஆமையின் படம் பொறித்த சுவரொட்டிகளை ஒட்டினர். இதனைக் கண்டதுண்டா, எந்நாள், எவ்விடம், உயிருடன் இருந்ததா, கயிற்றில் சிக்கியிருந்ததா என்று கேட்டனர். கட்டணமின்றிப் பேசத் தொலைபேசி எண் ஒன்றும் கொடுத்தனர். வந்த விடைகள் நூலோர் எதிர்பார்த்ததினும் மிகப் பல. மீனவர்க்கு இவ்வாமை புதியது அன்று. தந்தையும் மகனும் கண்டு பழகியது. கோடை வந்தால் வரும் என்று அறிந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இருநூறு ஆண்டு ‘அரிய செய்தி’யின் மறுபக்கம் இதுவாகும்.

இங்கு ஒரு தடை எழுதல் இயல்பு. மீனவர் கூற்றினை அவ்வாறே ஏற்கலாமா? தொலைவில் கண்டது ஆமைதானா? ஒரே ஆமையைப் பலர் கண்டு பலவாகக் கூறியிருக்கலாகாதா? இவை நேரிய வினாக்கள். ஆராய்ச்சியாளர் மீனவர் சொல்லை ஐயத்தால் ஒதுக்கவுமில்லை, ஆராயாமல் ஏற்கவுமில்லை. மீனவர் காட்டிய இடங்களுக்கு மீனவர் படகுகளிலேயே சென்றனர். ஆமைகளைப் பிடித்து அளந்தனர். அடையாளத் தகடு பொருத்தினர். செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளை முதுகில் இணைத்து விடுவித்தனர். ஜேம்ஸ் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாறு பின்தொடரப்பட்ட 38 ஆமைகளைப் பற்றியது. வெப்ப நாட்டுக் கரைகளுக்கும் வடகடலுக்கும் இடையே அவை மேற்கொள்ளும் நெடும் பயணம் அதனால் புலனாயிற்று. வடக்கே வந்தவை நீரோட்டத்தில் மிதந்துபோகும் பொருள்கள் போல் ஒழுகவில்லை. குறித்த பகுதிகளை நாடி அங்கே திங்கட்கணக்கில் தங்கின. தென்கரைகளில் முட்டையிட்டபோது தகடு பொருத்தப்பட்ட பெண் ஆமைகளும் இவ்வடகடலில் அகப்பட்டன. 2006இல் வெளிவந்த கட்டுரை 1998 முதல் 2005 வரை சேர்ந்த பதிவுகளைக்கொண்டு, கனடியக் கடல் ஏழுவரி ஆமைக்கு இன்றியமையாத இரைக்களம் என்று நிறுவியது.

அவை வடக்கே வருவதன் காரணமும் விளங்கிற்று. ஏழுவரி ஆமையின் முதன்மை உணவு கடற்கரையார் ‘சொறி’ என்றும் நூலோர் ‘இழுதுமீன்’ என்றும் வழங்கும் உயிர். கோடையில் வடகடலில் அது பெருகுகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கேப் பிரெட்டன் தீவுக்கு அப்பால் ஆமைகளின்மீதே படக்கருவி பொருத்தி அவை உண்பதைப் பதிவு செய்தனர். ஓர் ஆமை ஒரு நாளில் சராசரியாக 330 கிலோ சொறியை, அதாவது தன் எடையில் 73 விழுக்காடு அளவினை உண்கிறது என்று கணக்கிடப்பட்டது. சொறியின் உடலில் பெரும்பகுதி நீரே ஆதலின் இத்துணை மிகுதி வேண்டப்படுகிறது. இவ்வாறு சேர்த்த கொழுப்பே தெற்கே சென்று முட்டையிடுவதற்கு உதவும் கட்டுச்சோறு.

அயர்லாந்துக் கடலிலும் இதற்கு ஒத்த சான்று கிடைத்தது. வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகத்தார் வானூர்தியிலிருந்து கடற்பரப்பை நோக்கி, பெருஞ்சொறிகள் திரளும் இடங்களைக் குறித்தனர். வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தன், ட்ரெமாடக் விரிகுடாக்கள் அவற்றுள் அடங்கும். 2006இல் வெளியான அவ்வாய்வு, சொறி திரளும் இடங்களும் ஏழுவரி ஆமை காணப்பட்ட இடங்களும் தொடர்புடையன என்று காட்டிற்று. இரு கரைச் சான்றும் ஒரு முடிபையே தருகின்றன: ஏழுவரி ஆமை வடகடலுக்கு வழிதவறி வரவில்லை, வழியறிந்தே வருகிறது.

5. உண்மையில் வழிதவறியவை

இம்முடிபைக் கண்டு, வடகடல் ஆமைகள் அனைத்தும் அவ்வாறே எனத் துணிதல் கூடாது. பழைய வழக்கு முற்றிலும் பிழையன்று. அது எல்லை கடந்து வழங்கப்பட்டதே பிழை. தகட்டு ஓடுடைய பிற ஆமைகளும் வடகரைகளில் ஒதுங்குகின்றன. அவற்றுள் பெருந்தலை ஆமையும், மெக்சிகோ வளைகுடாவுக்கு உரிய கெம்பு ஆமையும் குறிக்கத்தக்கவை. ஐரோப்பியக் கரைகளை அடைவன பெரும்பாலும் இளம் ஆமைகள்; நீரோட்டமும் காற்றும் கொண்டுவந்தவை. உடல் வெப்பத்தைக் காக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. நீர் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் இவை செயலற்று மிதக்கும், பின்னர்க் கரையொதுங்கும்.

கெம்பு ஆமையின் வரலாற்றில் இலங்கை அறிஞர் ஒருவர்க்கு இடம் உண்டு. கொழும்பு அருங்காட்சியகத்தில் பணியாற்றிப் பின்னர் அதன் இயக்குநராகவும் விளங்கிய பி. இ. பி. தெரணியகல, இலங்கைக் கடலாமைகளை விரிவாக ஆராய்ந்தவர். நம் கடற்கரையில் பங்குனி ஆமை என வழங்கும் சிற்றாமையும் கெம்பு ஆமையும் நெருங்கிய உறவின. ஐரோப்பியக் கரைகளை அடையும் இம்மெக்சிகோ ஆமை பற்றி அவர் 1938இல் ‘நேச்சர்’ இதழில் குறிப்பு வெளியிட்டார். தென்கடல் ஆமைகளை அறிந்த கண், வடகடல் ஆமையை இனங்காணத் துணைபுரிந்தது. சிற்றாமையே வடக்கில் ஒதுங்கிய நிகழ்ச்சியும் உண்டு. 2016 நவம்பரில் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சித் தீவில் உயிருடன் ஒன்று கிடைத்தது. பிரித்தானியப் பதிவுகளில் அவ்வினத்திற்கு அதுவே முதலாவது.

அமெரிக்காவின் காட் முனை இத்தகைய ஆமைகள் மிகுதியாக ஒதுங்கும் இடம். வளைந்த கொக்கி போல் கடலுள் நீண்ட அந்நிலம், கோடையில் வடக்கே வந்த இளம் ஆமைகளை இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்பவொட்டாமல் விரிகுடாவினுள் தடுத்துவிடுகிறது. அங்கே 1970களில் தொடங்கி, மாசச்சூசெட்ஸ் ஆடபன் கழகத்தின் வெல்பிளீட் காப்பகத்தாரும் தொண்டர்களும் கடுங்குளிரில் கரை நெடுக நடந்து ஆமைகளை எடுத்துவருகின்றனர். 2014ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்ட ஆமைகள் அங்கு ஒதுங்கின. எடுத்த ஆமைகளை உடனே சூடேற்றாமல், நாள்தோறும் சிறிது சிறிதாக வெப்பம் கூட்டிப் பிழைப்பிக்கின்றனர்.

6. சொல்லும் செயலும்

இதுகாறும் கூறியவற்றால் வடகடல் ஆமைகள் இருவகை என்பது பெறப்பட்டது: உரிமையோடு வருவன ஒருவகை; வழிதவறி வருவன மற்றொருவகை. இப்பாகுபாடு ஏட்டளவில் நிற்பது அன்று. பிரித்தானியாவில் கடல்செல்வோர்க்கும் கரைநடப்போர்க்கும் வழங்கப்படும் ஆமை நெறிமுறை இவ்விருவகைக்கும் நேர்மாறான அறிவுரை கூறுகிறது. தகட்டு ஓடுடைய ஆமை கரையில் கிடந்தால் கடலுள் திருப்பி விடலாகாது. குளிர்நீரில் அது இறந்துபடும். ஈரத்துணி போர்த்தி, உரியவர்க்கு அறிவிக்க வேண்டும். ஏழுவரி ஆமை உயிருடன் கரையேறிக் கிடந்தால், அறிந்தோர் துணையுடன் கடலுக்கு மீண்டு செல்ல உதவ வேண்டும். கடலே அதன் இடம். இரண்டையும் ‘வழிதவறியவை’ என்னும் ஒரு சொல்லால் குறித்தவன் கரையில் நின்று எதனைச் செய்வான்? இரக்கத்தால் ஒன்றைக் கடலில் விட்டுக் கொல்வான். அல்லது இரக்கத்தால் மற்றொன்றைக் கரையில் வைத்துக் கொல்வான். இரக்கம் இருந்தும் சொல் தெளிவின்மையால் உயிர் போகும்.

பொதுச்சொல்லால் நேர்ந்த மற்றோர் இழப்பும் உண்டு. ஆமை வெப்ப நாட்டுக்கே உரியது என்று கருதிய காலத்தில், காத்தற்குரிய இடம் முட்டையிடும் கரை மட்டுமே என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. கரையில் முட்டைகளைக் காத்தனர். ஆனால் அம்முட்டையிலிருந்து தோன்றி வளர்ந்த ஆமை வடகடலில் மீன்பிடி கயிற்றில் சிக்கி மூழ்கியதை எவரும் எண்ணவில்லை. 1988 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டு ஹார்லெக் கடற்கரையில் ஓர் ஆண் ஏழுவரி ஆமை இறந்து ஒதுங்கிற்று. அதன் எடை 916 கிலோ. நீளம் ஏறத்தாழ 2.9 மீட்டர். இதுவரை அளந்தறியப்பட்ட ஆமைகளுள் இதுவே மிகப் பெரிது. கயிற்றில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர இயலாமல் அது மூழ்கி இறந்தது. இன்று கார்டிப் நகர அருங்காட்சியகத்தில் அதன் உடல் வைக்கப்பட்டுள்ளது. பேருருவைக் கண்டு வியப்போர் பலர். அது இறந்த முறையை எண்ணுவோர் சிலர்.

மீனவரைக் குறைகூறுவது இங்கு நம் கருத்தன்று. கயிற்றில் ஆமை சிக்கினால் மீனவர்க்கும் கருவியிழப்பே. சிக்கியதைச் சொன்னால் தம் தொழிலுக்குத் தடை வருமோ என்னும் அச்சமும் அவர்க்கு உண்டு. அவ்வச்சம் நீங்கினாலன்றி உண்மைச் செய்தி வெளிவராது. பழிகூறாமல் கேட்டதும், கேட்டதன் பயனை மீண்டும் அவர்க்கே எடுத்துரைத்ததும் கனடியக் குழுவினர் கையாண்ட முறையின் உயிர்நாடி. தகவலாளராக இருந்த மீனவர் இவ்வாறு காவலராகவும் ஆயினர்.

பதிவுகளைக் கையாளும் முறை பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். 1910 முதல் 2018 வரை பிரித்தானிய, அயர்லாந்துக் கடல்களில் கிடைத்த கடலாமைப் பதிவுகளை 2020இல் வெளியான ஓர் ஆய்வு தொகுத்துள்ளது. ஏறத்தாழ 2,000 பதிவுகளில் 1,600க்கு மேற்பட்டவை ஏழுவரி ஆமைக்கு உரியன. நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணிக்கை உயர்ந்து 1990களில் உச்சம் அடைகிறது, பின்னர்க் குறைகிறது. உயர்வு ஆமை பெருகியதைக் காட்டுவதா, அறிவிப்போர் பெருகியதைக் காட்டுவதா? குறைவு ஆமை அருகியதைக் காட்டுவதா, கடலில் மீன்பிடிப்போர் அருகியதைக் காட்டுவதா? பதிவு மட்டும் கொண்டு இதனைத் துணிய இயலாது. முன்பு பதிவின் குறைவைக் கொண்டு ஆமையின் குறைவைத் துணிந்தவர் செய்த பிழையை, இன்று நாம் வேறு வடிவில் செய்துவிடலாகாது. முட்டையிடும் கரைகளின் கணக்கோடு ஒப்பிட்டே முடிபு கூறவேண்டும். அக்கணக்கு கவலை தருவதாகவே உள்ளது. வடமேற்கு அட்லாண்டிக் பகுதியைச் சேர்ந்த ஏழுவரி ஆமைத் தொகுதி, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் 2019இல் அழியும் நிலையில் உள்ளதாகக் குறிக்கப்பட்டது.

முடிவுரை

மேலே ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

வடகடலில் ஏழுவரி ஆமை இருத்தல் புதிய நிகழ்ச்சி அன்று. 1756ஆம் ஆண்டுக் கார்ன்வால் வலை முதலாகவே எழுத்துச் சான்று உண்டு.

அது வழிதவறி வந்தது என்ற கருத்து, உடலியல் பற்றிய பொதுவிதியாலும் பதிவுகளின் குறைவாலும் தோன்றிற்று. பொதுவிதி 1972இன் அளவீட்டால் திருத்தம் பெற்றது. பதிவுக்குறைவு 1997க்குப் பின் மீனவர் வாய்மொழியால் நிறைவுற்றது.

தகட்டு ஓடுடைய இளம் ஆமைகளுக்கு அப்பழைய சொல் இன்றும் பெரும்பாலும் பொருந்தும். ஆகவே வேண்டுவது சொல்லைத் துறத்தல் அன்று. அதன் எல்லையை வரையறுத்தல்.

நாம் கல்வெட்டையும் ஓலையையும் நாடிச் செல்கிறோம், செல்வது முறையே. ஆயினும் ஓலையில் எழுதாதவர் அறியாதவர் அல்லர். நோவாஸ்கோஷிய மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஓர் உண்மை, கேட்பார் இன்மையால் படகுத்துறையிலேயே தங்கிவிட்டது. அது ஏட்டில் ஏறுவதற்குள் ஹார்லெக் ஆமை போன்று எத்தனை மூழ்கினவோ, கணக்கில்லை. நம் கடற்கரையில் ஏழு வரிகளை எண்ணிப் பெயரிட்டவர்களும் இன்னும் பல அறிந்திருத்தல் கூடும். சென்று கேட்டல் நம் கடன்.